மாதம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்

அமெரிக்காவில் எஸ்.யூ.வி. ஒன்றை லீஸுக்கு எடுக்கும் யோசனையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப்போகிறார்கள், அல்லது இரண்டாவது குழந்தை பிறந்து பின்சீட்டில் இரண்டு கார் சீட் ஏறிவிட்டது. கரோலாவோ சிவிக்கோ இனிப் போதாது. எடிசன், ஃபிரிஸ்கோ, ஃப்ரீமாண்ட் என்று நம்மவர்கள் கூடி வாழும் எந்த ஊரிலும் எஸ்.யூ.வி. பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ராவ்4-ஆ, சிஆர்-வியா, ஹைலேண்டரா, மாடல் ஒய்யா என்று ஒரு வாரம் விவாதம் நடக்கும். பிறகு வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்து விழும்: "சமீபத்தில் யாராவது லீஸ் எடுத்தீங்களா? மாசம் எவ்வளவு வருது?" ஒருவர் 399 என்பார், இன்னொருவர் 480 என்பார், மூன்றாமவர் ஜீரோ டவுனில் 520 என்பார். 399 சொன்னவரைக் கெட்டிக்காரர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கேள்வியே பிழையானது, அதை டீலரிடம் போய்க் கேட்பது அதைவிடப் பெரிய பிழை என்று சொல்லத்தான் இந்த மடல். லீஸ் என்பதிலும் ஒரு விலை இருக்கிறது; மாதத் தொகை அந்த விலை அல்ல. அது கணக்கின் கடைசி வரியில் வரும் விடை. விடையைப் பேரம் பேசுகிறவர் கணக்கு முழுவதையும் எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிறார்.

விளம்பரத்திலிருந்தே தொடங்கலாம். 36 மாதம், மாதம் 399 டாலர், கையெழுத்திடும் நாளில் 3,999 டாலர் என்று ஒரு விளம்பரம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வடிவத்தில்தான் பெரும்பாலான லீஸ் விளம்பரங்கள் வருகின்றன. கையெழுத்தன்று கட்டும் தொகையில் முதல் மாதத் தவணையும் அடக்கம் என்றால், மீதி 35 தவணைக்கு 13,965 டாலர். அதோடு 3,999 சேர்த்தால் 17,964. அதை 36 மாதத்துக்குப் பங்கிட்டால் சரியாக 499. வரி இன்னும் சேரவில்லை. 399 சொன்ன கெட்டிக்காரரும், ஒன்றும் முன்னால் கட்டாமல் 499 கட்டுகிறவரும் ஒரே பணத்தைத்தான் கட்டுகிறார்கள். ஒருவருக்குக் குழுவில் பாராட்டு கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் நம்மவர்கள் ஏன் முன்னால் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்? காரணத்தில் பாதி, லீஸ் என்ற சொல்லில் இருக்கிறது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் வீட்டை லீஸுக்கு எடுப்பது என்றால் ஒத்திக்கு எடுப்பது. சில லட்சத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தை முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்வோம். வாடகை வீட்டிலும் அட்வான்ஸ் என்பது, வெள்ளையடிக்க என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும், திரும்பி வரும் பணம்தான். லீஸ், அட்வான்ஸ் என்ற இரண்டு சொல்லும் காதில் விழுந்ததும் நம் மனம் அந்தப் பழைய வழக்கத்துக்குப் போய்விடுகிறது. கார் லீஸில் முன்னால் கட்டும் பணம் திரும்பி வராது. அது காரின் விலையில் கழிக்கப்பட்டுக் கரைந்துவிடும். ஷோரூமை விட்டு வெளியே வந்த இரண்டாவது வாரம் யாரோ வந்து மோதிக் கார் உருத்தெரியாமல் போனாலும் திரும்பாது: இன்ஷூரன்ஸ் பணம் காரின் சொந்தக்காரரான நிதி நிறுவனத்துக்குப் போகும், குறைகிற தொகையைப் பல ஒப்பந்தங்களில் சேர்ந்தே வரும் 'கேப்' பாதுகாப்பு சரிக்கட்டும், உங்கள் நாலாயிரம் டாலரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். முதல் மாதத் தவணை, பதிவுக் கட்டணம் போன்ற தவிர்க்க முடியாதவை போக, கையெழுத்தன்று ஒரு டாலரும் கூடுதலாகக் கட்ட வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். சில நிறுவனங்களில் பல தவணைக்குச் சமமான வைப்புத்தொகை கட்டி வட்டியைக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அது திரும்பி வரும் பணம், இந்தக் கணக்கில் சேராது.

இனி விலைக்கு வருவோம். நீங்கள் பேசுவது டீலரிடம் என்றாலும் கார் உங்களுக்கு வருவது டீலரிடமிருந்து அல்ல. டீலர் அந்தக் காரை நிதி நிறுவனத்துக்கு விற்கிறார். பெரும்பாலும் அது காரைத் தயாரித்த நிறுவனத்தின் நிதிப் பிரிவாகவே இருக்கும். அந்த நிறுவனம் உங்களுக்கு மூன்று ஆண்டுக்குக் குத்தகை விடுகிறது. ஆக, நீங்கள் காரை வாங்காவிட்டாலும் அங்கே ஒரு விற்பனை நடக்கிறது, அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பேரம் பேசும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து அந்தக் கார் என்ன பெறும் என்று நிதி நிறுவனம் இன்றைக்கே ஒரு தொகை குறித்துவைக்கிறது. அதற்குப் பெயர் ரெசிடுவல். இன்றைய விலைக்கும் அந்த ரெசிடுவலுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் அனுபவித்துத் தீர்க்கும் தேய்மானம். அதை மாதக் கணக்கில் பங்கிட்டு, வட்டி சேர்த்தால் மாதத் தொகை. வேறு மர்மம் எதுவும் இல்லை.

எண்களைப் போட்டுப் பார்த்தால் கலக்கம் தீர்ந்துவிடும். ஸ்டிக்கர் விலை 40,000 டாலர் உள்ள ஒரு எஸ்.யூ.வி.; 36 மாத ரெசிடுவல் 60 சதவீதம், அதாவது 24,000 டாலர். பேரம் பேசி விற்பனை விலையை 38,000-க்குக் கொண்டுவந்தீர்கள். நிதி நிறுவனம் லீஸைத் தொடங்குவதற்கென்று வாங்கும் கட்டணம் 700 டாலர். மொத்தம் 38,700. இதில் 24,000 போக 14,700 டாலர் தேய்மானம். 36-ஆல் வகுத்தால் மாதம் 408.33. வட்டியை இவர்கள் சதவீதத்தில் சொல்வதில்லை, மனி ஃபேக்டர் என்று 0.0025 போல ஒரு சின்ன எண்ணைச் சொல்வார்கள். தொடக்கத் தொகையையும் ரெசிடுவலையும் கூட்டி அந்த எண்ணால் பெருக்க வேண்டும்: 62,700-ஐ 0.0025-ஆல் பெருக்கினால் 156.75. இரண்டும் சேர்ந்து மாதம் 565 டாலர் சொச்சம், வரி தனி.

முடிவில் திருப்பித் தரப்போகும் காரின் மதிப்பை ஏன் கழிக்காமல் கூட்டுகிறார்கள் என்று கேட்பவர் உண்டு. உங்கள் பெயரில் நிற்கும் நிலுவை முதல் நாள் 38,700, கடைசி நாள் 24,000. நடுவில் சராசரியாக நின்றது இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிய 31,350. அதற்கு மாதம் நூற்றுக்கு ஐம்பது காசு வட்டி போட்டால் அதே 156.75 வரும். பாதியாக்கும் வேலையை வட்டிக்குள் ஒளித்து வைத்ததன் பெயர்தான் மனி ஃபேக்டர். அமெரிக்கர்கள் அதை 2400-ஆல் பெருக்கி ஆண்டு வட்டி சதவீதம் கண்டுபிடிப்பார்கள், 0.0025 என்றால் 6 சதவீதம். நமக்கு அதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது. நம் ஊரில் வட்டி பேசுவது நூற்றுக்கு மாதம் எத்தனை என்றுதானே? மனி ஃபேக்டரை 200-ஆல் பெருக்குங்கள். 0.0025 என்பது அரை வட்டி. அடகுக்கடை வாசலில் நிற்கும் நம் பாட்டிக்கும் புரியும் கணக்கு இது. மென்பொருள் எழுதும் பேரனுக்கு மட்டும் ஏனோ சதவீதமாகவோ பின்னமாகவோ வந்து குழப்புகிறது. லீஸில் வட்டியே கிடையாது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் உதாரணத்தில் மூன்று ஆண்டு வட்டி மட்டும் 5,643 டாலர்.

இந்தக் கணக்கில் எது உங்கள் பேச்சுக்கு மசியும், எது மசியாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ரெசிடுவல் மசியாது. அதைக் குறிப்பது நிதி நிறுவனம். எந்த டீலரிடம் போனாலும் அதே மாடலுக்கு, அதே மாதத்தில், அதே மைல் கணக்குக்கு ஒன்றாகவே இருக்கும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ரெசிடுவல் சதவீதம் நீங்கள் பேசி முடித்த விலைமேல் போடப்படுவதில்லை, ஸ்டிக்கர் விலைமேல் போடப்படுகிறது. 1958-இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் அந்த உற்பத்தியாளர் விலைச்சீட்டு, செனட்டர் மன்ரோனியின் பெயரால் இன்றும் வழங்குகிறது. விலையில் 2,000 டாலர் குறைத்தீர்கள் என்றால் ரெசிடுவல் அசையாமல் நிற்கும். குறைந்த 2,000 முழுவதும் உங்கள் தேய்மானத்திலிருந்து போகும். 40,000 டாலர் காரை வாங்குகிறவருக்கு அது 5 சதவீதத் தள்ளுபடி. லீஸ் எடுக்கிறவருக்கு 16,700 டாலராக இருந்த தேய்மானம் 14,700 ஆகிறது; கிட்டத்தட்ட 12 சதவீதம். மாதத் தொகை 625-இலிருந்து 565-க்கு இறங்கிவிடுகிறது. எனவே, "வாங்கவா போகிறோம், லீஸ்தானே, விலையை ஏன் பேச வேண்டும்" என்பது தலைகீழான பேச்சு. விலையைப் பேசுவதில் வாங்குகிறவரைவிட லீஸ் எடுக்கிறவருக்குத்தான் விகிதத்தில் லாபம் அதிகம். இதன் மறுபக்கமும் உண்மை. உற்பத்தியாளர் சீட்டுக்குப் பக்கத்தில் டீலர் தன் பங்குக்கு இன்னொரு சீட்டு ஒட்டி, சந்தை நிலவரம் என்றும் பெயின்ட் பாதுகாப்பு என்றும் இரண்டாயிரம் மூவாயிரம் ஏற்றியிருப்பார். அந்தத் தொகையில் ஒரு டாலருக்கும் ரெசிடுவல் கிடையாது. முழுதும் மூன்று ஆண்டில் உங்கள் தலையில்.

மனி ஃபேக்டர் மசியும், ஆனால் அது மசியும் என்பதை யாரும் உங்களிடம் சொல்வதில்லை. நிதி நிறுவனம் ஓர் அடிப்படை வட்டியைக் கொடுக்கிறது. அதன்மேல் டீலர் கொஞ்சம் ஏற்றி, வித்தியாசத்தை எடுத்துக்கொள்ள இடமும் கொடுக்கிறது. பெரும்பாலும் 0.0004 அளவு ஏற்றுவார்கள். பார்க்கத் தூசு போல இருக்கும் அந்த எண், நம் உதாரணத்தில் மாதம் 25 டாலர், 36 மாதத்தில் 900 டாலர். "வட்டியை பேங்க் முடிவு செய்கிறது, எங்கள் கையில் இல்லை" என்று விற்பனையாளர் சொல்வது பாதி உண்மை என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பிராண்டின் மூன்று டீலர்களிடம், ஒரே வாரத்தில், ஒரே மாடலுக்கு, ஒரே கிரெடிட் ஸ்கோரைச் சொல்லிக் கேளுங்கள். மூவருக்கும் நிதி நிறுவனம் ஒன்றே. ஒருவர் 0.0025 என்றும் இன்னொருவர் 0.0029 என்றும் சொன்னால், இடைவெளியை பேங்க் போடவில்லை. அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாமல் கிரெடிட் வரலாறே இல்லாதவர்களுக்கு அடிப்படை வட்டியே கூடுதலாக வரும் என்பது வாஸ்தவம். அந்தக் கூடுதல்மேலும் டீலர் ஏற்றியிருக்கிறாரா என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு.

இப்போது, "மாதம் 510-க்குள் வர வேண்டும்" என்று வாய் திறந்தவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விற்பனையாளர் உள்ளே போய்விட்டு வந்து 505 என்று எழுதிய தாளை நீட்டுவார். 565 எப்படி 505 ஆயிற்று? கையெழுத்தன்று 2,000 டாலர் கூடுதலாகக் கேட்டிருந்தால் ஆகும். 36 மாதத்தை 39 ஆக்கி, ஆண்டுக்கு 12,000 மைலை 7,500 ஆக்கியிருந்தால் அதில் பெரும்பகுதி குறையும். 39 மாதத்தில் பெரும்பாலான உற்பத்தியாளர்களின் மூன்றாண்டு வாரண்டி முடிந்தபின் மூன்று மாதம் ஓட்டுவீர்கள். 7,500 மைல் என்று எழுதிவிட்டு வழக்கம்போல 12,000 ஓட்டினால், கூடுதல் மைலுக்கு 25 சென்ட் வைத்தாலும் மூன்று ஆண்டு ஓட்டத்துக்கு மட்டுமே 3,375 டாலர் பில் வரும். விற்பனை விலையும் வட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. டீலரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இதில் ஏமாற்று என்று ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது.

சட்டம் நம்மைக் காக்காதா? ஓரளவு காக்கும். 1976-இல் வந்த நுகர்வோர் லீஸ் சட்டமும் அதன்கீழ் வந்த 'ரெகுலேஷன் எம்' விதிகளும், கையெழுத்திடும் முன் ஒரு வெளிப்படைப் படிவத்தை உங்கள் கையில் தரச் சொல்கின்றன. தொடக்கத் தொகை, முன்னால் கழித்தது, ரெசிடுவல், தேய்மானம், மொத்த வட்டி, கையெழுத்தன்று கட்டுவது, எல்லாம் முடிந்தபின் நீங்கள் கட்டியிருக்கப்போகும் மொத்தம் என்று வரி வரியாக அதில் இருக்கும். தொடக்கத் தொகையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பிரித்துக் கேட்கும் உரிமையும் உண்டு. மனி ஃபேக்டரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதில் இல்லை. ஆனால் மொத்த வட்டி இருக்கிறதே. 5,643-ஐ 36-ஆல் வகுத்து, வந்ததைத் தொடக்கத் தொகையும் ரெசிடுவலும் சேர்ந்த 62,700-ஆல் வகுத்தால் மறைத்த எண் வெளியே வந்துவிடும். கைப்பேசியில் அரை நிமிட வேலை. இதற்குமேல் அரசு காக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. டீலர்களின் மறைமுகக் கட்டணங்களுக்குக் கடிவாளம் போட 2023 டிசம்பரில் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வருமுன்பே, 2025 ஜனவரியில், வகுத்த முறையில் பிழை இருப்பதாகச் சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கையெழுத்திட்ட மூன்று நாளுக்குள் காரைத் திருப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. டீலர் ஷோரூமில் போட்ட கையெழுத்துக்கு மத்திய சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இல்லை.

சரி, எதிர்ப்பேச்சுகளுக்கு வருகிறேன். அதிகம் காதில் விழுவது, "மாதம் நாற்பது ஐம்பது டாலருக்காக இவ்வளவு மல்லுக்கட்டா? இந்தியர்கள் என்றாலே பேரம் என்று ஏற்கெனவே பேர் எடுத்திருக்கிறோம்" என்பது. இந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது, மதிக்கவும் செய்கிறேன். ஆனால் கூச்சம் தரும் பேரம் எதுவென்றால், கையில் கணக்கில்லாமல் "இன்னும் கொஞ்சம் குறைங்க" என்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான். நான் சொல்வதில் அந்த உட்காரலே இல்லை. விற்பனை விலையும் மனி ஃபேக்டரும் என்னவென்று மூன்று டீலர்களுக்கு மின்னஞ்சலில் கேட்பதில் யாருடைய மரியாதையும் குறையாது. மாதத்துக்கு 60 டாலர் விலைக் குறைப்பு, 25 டாலர் வட்டி ஏற்றம் இரண்டையும் கூட்டினால் மூன்று ஆண்டில் 3,000 டாலர். ஒரு குடும்பம் ஊருக்குப் போய்வரும் விமானச் செலவில் பெரும்பங்கு. இன்னொரு பேச்சு, லீஸே முட்டாள்தனம், வாங்கிப் பத்து ஆண்டு ஓட்டுவதுதான் புத்தி என்பது. பத்து ஆண்டு ஓட்டப்போகிறவருக்கு அது சரி; அவர் இந்த மடலை இங்கேயே மடித்துவைத்துவிடலாம். ஆனால் மூன்று நாலு ஆண்டுக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவருக்கு லீஸில் ஓர் உண்மையான பாதுகாப்பு உண்டு: காரின் நாளைய விலை சரிந்தால் நஷ்டம் நிதி நிறுவனத்துக்கு. 2021-22-இல் பழைய கார்களுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது, ரெசிடுவல் விலைக்குக் காரை வாங்கிக்கொண்டவர்களுக்குக் கையில் ஆயிரக்கணக்கில் மிச்சம் நின்றது. 2023-இல் டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையைக் குறைக்கக் குறைக்கப் பழைய மின்கார்களின் மதிப்பு சரிந்தபோது, லீஸில் இருந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள். ஏறினால் உனக்கு, இறங்கினால் எனக்கு என்று நிதி நிறுவனம் ஏற்கும் இந்த ஏற்பாட்டுக்கு முடிவில் வாங்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2019-இல் டெஸ்லா மாடல் 3-ஐ லீஸுக்கு விட்டபோது அந்த உரிமையைத் தரவில்லை. திரும்பி வரும் கார்களை ஓட்டுநரில்லா டாக்ஸிகளாக ஓட்டப்போவதாகக் காரணம் சொன்னார்கள். மின்கார் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: லீஸ் எடுத்தால் 7,500 டாலர் மத்திய வரிச்சலுகை நிதி நிறுவனம் வழியாகக் கழியும் என்ற பழைய செய்தி இன்னும் குழுக்களில் சுற்றுகிறது. அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் மாநில வரி. கலிபோர்னியாவில் வரி, நீங்கள் கட்டும் தவணைமேல் மாதாமாதம் வருகிறது. மாநிலத்தின் குறைந்தபட்ச விகிதமான 7.25 சதவீதமே என்றாலும் நம் உதாரணத்தில் மூன்று ஆண்டுக்கு 1,475 டாலர் போல ஆகும். டெக்சாஸில் நிதி நிறுவனம் காரை வாங்கும் முழு விலைக்கும் 6.25 சதவீதம், 38,000-க்கு 2,375 டாலர், அதை உங்களிடம் வசூலித்துவிடுவார்கள். விகிதம் குறைவு, வரி அதிகம். மூன்று ஆண்டு கழித்து அதே காரை 24,000-க்கு வாங்கிக்கொண்டால் அங்கே இன்னொரு முறை 1,500 டாலர். நியூ ஜெர்சியில் 6.625 சதவீத வரியைத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கணக்கிட்டுவிடுவார்கள். டீலரின் காகித வேலைக் கட்டணமும் இப்படித்தான்: கலிபோர்னியாவில் சட்டம் 85 டாலரில் நிறுத்திவைத்திருக்கிறது, ஃபுளோரிடாவில் வரம்பே இல்லாததால் ஆயிரம் டாலரை ஒட்டிக்கூட வாங்குகிறார்கள். ஆகவே ஃப்ரீமாண்ட் நண்பரின் 480-ஐ ஃபிரிஸ்கோவில் காட்டிப் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. டெக்சாஸ்காரர்கள் சில நிதி நிறுவனங்கள் தரும் வரிச்சலுகை இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால் வாங்குவதா லீஸா என்ற கேள்விக்கே அங்கு விடை மாறிவிடக்கூடும்.

எச்1-பி விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வேலை போனால் நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள். லீஸ் 36 மாதம். பாதியில் முடித்தால் கணிசமான தொகை கட்ட நேரும், அது சில ஆயிரம் டாலர் வரை போகலாம் என்று மேலே சொன்ன சட்டப் படிவத்தின் மாதிரியிலேயே எச்சரிக்கை வாசகம் உண்டு. லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா, மாற்றிய பின்னும் பொறுப்பு உங்கள்மேல் நிற்குமா, வேறு டீலரிடம் விற்றுக் கணக்கை முடிக்கலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. 2021-22 முதல் பல நிறுவனங்கள் வெளியாருக்கு விற்பதைத் தடுத்துவிட்டன. நூறு டாலர் குறைவாகக் கிடைக்கும் என்பதற்காக வெளியேற வழியில்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். விலை என்று சொன்னதில் இதுவும் சேர்த்தி.

மற்றவை சில்லறை. நிதி அறையில் உட்கார்த்தி வைத்து செராமிக் பூச்சு, கண்ணாடியில் எண் பொறிப்பது, டயருக்கு நைட்ரஜன், நீட்டித்த வாரண்டி என்று வரிசையாக வரும். திருப்பித் தரப்போகும் காருக்கு, அதுவும் வாரண்டிக்குள்ளேயே முடியும் லீஸுக்கு, இவை எதற்கு? திருப்பித் தரும்போது ஒப்படைப்புக் கட்டணம் என்று முந்நூறு நானூறு டாலர் உண்டு. அதே பிராண்டில் அடுத்த கார் எடுத்தால் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். உற்பத்தியாளர் தரும் லீஸ் ஊக்கத்தொகையைத் தன் தள்ளுபடி போல டீலர் காட்டினால், அதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

எனவே டீலருக்கு எழுதும்போது மாதத் தொகையைக் கேட்காதீர்கள். ஊக்கத்தொகை கழிக்கும் முன் விற்பனை விலை, மனி ஃபேக்டர், ரெசிடுவல், ஒவ்வொரு கட்டணமும் தனித்தனியாக, கையெழுத்தன்று கட்டும் மொத்தம் ஆகியவற்றைக் கேளுங்கள்; உங்கள் ஆண்டு மைலையும் ஜிப் கோடையும் சொல்லிவிடுங்கள். எழுத்தில் பதில் தராமல் "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்பவரை விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள். மாதக் கடைசியில் எழுதினால் பதில் சீக்கிரம் வரும். குழுவில் ஏற்கெனவே லீஸ் எடுத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை யாராவது மாசம் எவ்வளவு என்று கேட்டால் ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு உங்கள் வெளிப்படைப் படிவத்தை அப்படியே படம் பிடித்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்